வெறும் வயிற்றோடு போங்கள்

என் மகள் வீட்டில் வாய் ஓயாதவள். காலையில் கண் விழிக்கும்போதே கதையோடுதான் விழிப்பாள். பல் விளக்கும்போதும் கதை, சப்பாத்துப் போடும்போதும் கதை. "கொஞ்சம் மூச்சு விடு பிள்ளை" என்று தகப்பன் கும்பிடாத குறையாகக் கேட்பார். அப்படிப்பட்டவள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை என்று தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். வேறு யாரோ பிள்ளையின் தாய்க்குப் பதிலாக என்னை மாறிக் கூப்பிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. லண்டன் ஹரோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை, எனக்குச் சூப்பர்மார்க்கட்டில் கல்லா. முதல் வருடம் முழுக்க ஆசிரியைகள் "அமைதியான பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்திக்கு வாத்தியார் வாயால் அதைவிட நல்ல செய்தி வேறென்ன வந்துவிடப் போகிறது? கண்பட்டுவிடும் என்று அக்கம்பக்கத்தில் வெளியே சொல்லாமல்கூட இருந்தேன்.

தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. காலையில் பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால்கூடக் கேட்பதில்லை, மற்றப் பிள்ளைகளோடும் பேச்சில்லை என்றார். கவுன்சிலின் உளவியலாளர் வந்து பார்ப்பார், ஈஸ்டருக்கு முன் கூடி முடிவெடுப்போம், தேவையென்றால் சிறப்புப் பள்ளிக்கு மாற்றலாம் என்றார். அந்தப் பள்ளியைப் பற்றி எனக்கு எந்த இளக்காரமும் இல்லை. அது தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். ஆனால் என் பிள்ளைக்குப் பேச வரும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தெரியப்படுத்த எந்த வழியும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளை மடியில் இருத்திக் கேட்டேன்.

"ஏன் பிள்ளை பள்ளிக்கூடத்திலை கதைக்கிறேல்லை?"

"வருதில்லை அம்மா."

"என்ன வருதில்லை?"

"கதைதான். தொண்டைக்குள்ளை நிக்குது." அதைச் சொல்லிவிட்டு, பள்ளிச் சாப்பாட்டில் பட்டாணி எப்படி உருண்டு ஓடியது என்று வழக்கம்போலக் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள்.

உளவியலாளர் ஒரு பெட்டியோடு வந்தார். நெட்டையான வெள்ளைக்காரர், நல்ல மனிதர். பெட்டிக்குள் மரக்கட்டைகளும் படங்களும் இருந்தன. சின்ன அறை ஒன்றில் மகளை உட்கார வைத்து, நான் கதவோரம் நிற்க, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேள்வி கேட்டார். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர வாய் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு ஜப்பானியப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், கருநீலச் சட்டை. அவர் படங்களைப் பார்க்கவில்லை. என் மகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே அந்தக் கால்கள் ஒன்றை ஒன்று உதைத்து விளையாடிக்கொண்டிருந்தன.

அவரைப் பற்றிப் பிறகு அவரே சொன்னார். தன் நாட்டில் முதலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, பிறகு உளவியல் படித்தவர். அங்கே அந்நாட்களில் உளவியலாளர் என்றால் மருத்துவமனையில் இருப்பார், இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் இருப்பார். பள்ளிக்கூடம் ஆசிரியர்களின் இடம், அங்கே உனக்கென்ன வேலை என்று பேராசிரியர்கள் கேட்டார்களாம். ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால் தாயைத்தான் திட்டுவார்கள். பிள்ளைக்குக் கஷ்டம் பள்ளிக்குள்தானே, உதவியும் பள்ளிக்குள்தானே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. லண்டனில் கவுன்சில் உளவியலாளர்கள் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு வருடம் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

"இங்கே என்ன கற்றீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெட்டி தூக்க," என்றார். சிரிக்காமல் பகிடி விடுகிற ஆள்.

சோதனை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து தலை குனிந்து வணங்கினார். தன் நாட்டில் வசந்த காலத்தில் வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒருமுறை போய் வருவது வழக்கம், உங்கள் வீட்டுக்கு நான் வரலாமா, பிள்ளை பேசுவதைக் கேட்க வேண்டும் என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் கூத்து.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியாது. நான் வேலைக்கு லீவு போட்டேன். உழுந்து வடை, ரோல்ஸ், பயற்றம் பணியாரம், கேக் என்று குசினி நிறைந்துவிட்டது. மாசி மாதக் குளிரில் எண்ணெய் மணம் போக யன்னல்களைத் திறந்து வைத்து எல்லோரும் நடுங்கினோம். கணவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மகளுக்கு நல்ல சட்டை போட்டு, பொட்டு வைத்து, சோபா மூலையில் இருத்திவிட்டு நான் சொன்னேன்:

"ஆக்கள் வந்திருக்கேக்கை நடுவிலை கதைக்கப்படாது. வாயை மூடிக்கொண்டு வடிவா இருக்கவேணும். விளங்கிச்சோ?"

பிள்ளை பேசுவதைக் கேட்க வருகிறார் ஒருவர். அவருக்கு மரியாதை செய்ய, பிள்ளையின் வாயைப் பூட்டி வைக்கிறேன் நான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

அவர் வந்தார். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி, தெருப் பக்கம் பார்க்கத் திருப்பி ஒழுங்காக வைத்தார். கணவர் என் காதுக்குள் "எங்கட ஆள்தான்" என்றார். தேநீரும் பலகாரமும் கொண்டு வந்து வைத்தேன். "வேண்டாம், நன்றி, மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டேன்," என்றார். நல்ல வளர்ப்பு உள்ள விருந்தாளி அப்படித்தானே சொல்லுவார்? நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தட்டைக் கையில் திணித்தேன்.

அவர் ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். உடனே நான் நிரப்பினேன். அதையும் முடித்தார். இந்தப் பக்கத்திலிருந்து கணவர் இரண்டு ரோல்ஸ் வைத்தார். அதையும் மெல்ல மெல்ல முடித்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. எங்கள் வீட்டு ரோல்ஸில் மிளகாய்க்குக் குறைவில்லை. விருந்தாளியின் தட்டு வெறுமையாக இருந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம் என்பது எங்கள் வழக்கம். தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவருக்கு அவமானம் என்பது அவர்கள் வழக்கம். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அந்த மனுசியின் வயிறு. "அவவுக்கு எங்கட சாப்பாடு நல்லாப் பிடிச்சுப் போச்சு" என்று கணவருக்குப் புளகாங்கிதம். நான் அடுத்த வடையை எடுத்தேன்.

"அம்மா! காணும்!"

மூலையிலிருந்து வந்தது சத்தம். கையிலிருந்த வடை அப்படியே நின்றது.

"அவவுக்கு வயிறு வெடிக்கப் போகுது. முகத்தைப் பாருங்கோ, பாவம்! விடுங்கோ!" என்று சோபாவிலிருந்து குதித்து வந்தாள் என் மகள். வந்தவள் விருந்தாளியின் பக்கம் திரும்பி, சுத்தமான லண்டன் ஆங்கிலத்தில், "நீங்கள் இதைச் சாப்பிடத் தேவையில்லை, நான் ஒளித்து வைக்கிறேன்," என்று தட்டைப் பிடுங்கிச் சோபாவுக்குக் கீழே தள்ளினாள். அவளுக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பது பெற்ற எங்களுக்கே அன்றுதான் தெரியும்.

நான் "ஐயோ கதைச்சிட்டாள்!" என்று கூவ வாயெடுத்தேன். அந்த மனுசி என்னைப் பார்க்காமலே விரலை மெல்ல உயர்த்தி நிறுத்தினார். கை தட்டவில்லை, கெட்டிக்காரி என்று புகழவில்லை. ஏதோ தினமும் பேசுகிறவர்கள் மாதிரி, "மிக்க நன்றி. இந்தத் தேநீரையும் ஒளிக்க முடியுமா?" என்று கேட்டார்.

மகள் யோசித்தாள். "தேநீர் சிந்தும். அதை அப்பாவுக்குக் கொடுங்கள்."

பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் குசினிக்குள் போய்த் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோசத்திலும் மனுசருக்கு இப்படி அழுகை வருமா என்று எனக்கே அதிசயமாக இருந்தது. போகும்போது அவர் மகளிடம் காணும் என்றால் என்ன பொருள் என்று கேட்டு, போதும் என்று பொருள் என அறிந்து, அந்தச் சொல்லை வாசலில் நின்று நாலைந்து தரம் சொல்லிப் பழகிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் வடை மிஸ்.

ஈஸ்டருக்கு முன் கூட்டம் நடந்தது. வீட்டில் ஒருநாள் பேசியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார் தலைமை ஆசிரியை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெட்டிக்காரர் கூரையைப் பார்த்தார். அப்போது வடை மிஸ் எழுந்தார்.

"நான் இங்கே கற்க வந்தவள், முடிவு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தப் பிள்ளையிடம் பேச்சு இருக்கிறது, இரண்டு மொழியில் இருக்கிறது. அது இந்தக் கட்டடத்துக்குள் மட்டும் வர மறுக்கிறது. பிள்ளையை வேறு கட்டடத்துக்கு மாற்றுமுன், பேச்சை இங்கே கூட்டி வர எனக்குக் கோடை விடுமுறைவரை நேரம் தாருங்கள்."

எல்லோரும் தங்கள் காகிதங்களைப் புரட்டினார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது. "இவர் கேட்பதைக் கொடுங்கள்! எங்கள் வீட்டுக்கு வந்து என் பிள்ளையின் பேச்சைக் கேட்டவர் இவர் ஒருவர்தான்!" என்று என் யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் கத்தினேன். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை ஆடியது. தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "கோடை விடுமுறைவரை," என்றார்.

அடுத்த கிழமையிலிருந்து, பள்ளி விட்டதும் வெறுமையான வகுப்பறையில் நானும் மகளும் மட்டும். கையில் ஒரு வடை டப்பா. வீட்டில் பேசுகிற மாதிரி இங்கேயும் என்னோடு பேச வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல் நாட்களில் என்னோடுகூட அவள் அங்கே பேசவில்லை. கதவுக்கு வெளியே காத்திருந்த வடை மிஸ் உள்ளே வந்து, இரண்டு துணிகளும் ஒரு வாளியும் வைத்துவிட்டுப் போனார். ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பார்களாம், நீங்களும் செய்து பாருங்கள் என்றார்.

"என்னது? பிள்ளையைப் படிக்க விட்டால், தாயையும் சேர்த்துக் கூட்ட விட்டிட்டாவோ?" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் எரிச்சல்தான். ஏனோதானோ என்று ஒரு மேசையைத் துடைத்தேன்.

"அம்மா, உந்த மூலை துடைக்கேல்லை," என்று மெல்லிய குரல் கேட்டது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் மேஸ்திரி, நான் கூலி. அதிகாரம் தூள் பறந்தது. சில நாள் கழித்து வடை மிஸ் கதவுக்கு உள்ளே வந்து நின்று தானும் ஒரு துணியை எடுத்தார். பிறகு மகளுக்குப் பிடித்த ஐரிஷ் சிறுமி ஒருத்தி சேர்ந்தாள், வடைக்காகத்தான். அதற்குப் பிறகு வகுப்பாசிரியை அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து கொப்பி திருத்தினார். கொஞ்ச நாளுக்கு ஒருமுறை ஒரு மேசை தூரம் கிட்ட வருவார். மகள் கவனித்தும் கவனியாததுபோல் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இடையில் ஒருநாள் யாரோ பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியை உள்ளே வந்துவிட்டார். மகளின் வாய் மூடிக்கொண்டது. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. வீதியில் வைத்து வடை மிஸ்ஸைப் பிடித்துத் திட்டினேன். உங்கள் வித்தையெல்லாம் எனக்குப் போதும், விடுமுறை வரப்போகிறது, என் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள் என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலை குனிந்து வணங்கினார்.

"நாளைக்கும் வடை கொண்டு வாருங்கள்," என்றார். அவருக்கும் பயம் இருந்தது என்பது கண்ணில் தெரிந்தது. அடுத்த நாள் வடையோடு போனேன்.

ஜூன் மாதத்துக் காலை ஒன்று. பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் கோட்டு மாட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஆசிரியை பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளின் பெயர் வந்தது. வழக்கமாக அங்கே ஒரு சின்ன இடைவெளி விழும், பிறகு அடுத்த பெயர் வரும். அன்று இடைவெளி விழவில்லை. "யெஸ் மிஸ்" என்றது ஒரு குரல். கீச்சென்ற சின்னக் குரல். என் பிள்ளையின் குரல்! ஆசிரியை நிறுத்தவில்லை, ஏனென்றால் வடை மிஸ் அப்படிச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் அடுத்த பெயரை அவர் இரண்டு தரம் கூப்பிட்டார். நான் யாருடையதோ கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அன்று முழுக்கக் கல்லாவில் நின்று வருகிற போகிற எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். மேலாளர் வந்து, உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டார்.

சிறப்புப் பள்ளிப் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த வருட முடிவில், அவள் வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று அறிக்கையில் முறைப்பாடு எழுதி அனுப்பினார்கள். கணவர் அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

வடை மிஸ் ஊருக்குப் போனார். வருடப் பிறப்புக்கு வாழ்த்து அட்டை வரும், எப்போதாவது தொலைபேசியில் பேசுவார். அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு பள்ளியில் சப்பாத்து அடுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சிய அறையை ஒதுக்கிக் கொடுத்தார்களாம். உளவியலாளர் என்று ஒரு பதவியே அங்கே இல்லாததால், அவரை என்னவென்று அறிமுகப்படுத்துவது என்று பள்ளி அதிபருக்குத் தெரியவில்லையாம். தங்களை வேவு பார்க்க வந்தவர் என்று ஆசிரியர்கள் நினைத்தார்களாம். அறையில் உட்கார்ந்து பார்த்தார், ஒரு பிள்ளையும் வரவில்லை. பிறகு துப்புரவு நேரத்தில் துணியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து தரை துடைக்கத் தொடங்கினார். குனிந்து துடைக்கும்போது, முகம் பார்க்காமல், பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பேசினார்கள். "ஹரோவில் கற்றது," என்று சிரித்தார்.

அந்த ஒரு பள்ளி பிறகு இரண்டானது. ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தார், பல்கலைக்கழகத்திலும் அதைப் பாடமாக்கினார். தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்கமே பள்ளிகளுக்கு ஆலோசகர்களை அனுப்பத் தொடங்கியபோது, பலரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. முதல் வகுப்பில் எல்லோரும் பேனாவோடு காத்திருப்பார்களாம். இவர் சொல்வாராம்: "பெட்டி கொண்டு போகாதீர்கள். பிள்ளையின் வீட்டுக்குப் போவதானால், வெறும் வயிற்றோடு போங்கள்."

தொண்ணூறுகள் முடியப் போகிற காலத்தில் ஏதோ மாநாட்டுக்கு லண்டன் வந்தார். வீட்டுக்கு வரச் சொன்னேன். இப்போது ஹரோவில் எங்களுக்குச் சொந்த வீடு. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். பள்ளி விவாதக் குழுவில் அவளுக்கு எதிரே நிற்க ஆள் கிடைக்காது. வடை மிஸ்ஸுக்குத் தலை நரைத்திருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி, தெருப் பக்கம் திருப்பி வைத்தார்.

இந்தத் தடவை வழக்கம் தெரிந்துதான் வந்தார், நானும் வழக்கம் தெரிந்துதான் நிரப்பினேன். ஒரு தட்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. கணவர் ரோல்ஸ் வைத்தார். வடை மிஸ் மெல்ல மகளைப் பார்த்தார், இப்போது காப்பாற்றுவாள் என்று. மகள் சோபா மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கையைக் கட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டினாள்.

நான் அடுத்த வடையை வைத்தேன். மகள் வாய் திறக்கவில்லை.

"பேசு!" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார் வடை மிஸ். மகள் தலையை ஆட்டி மறுத்தாள். கீழே பார்த்தேன். அவள் கால்கள் ஒன்றை ஒன்று உதைத்துக்கொண்டிருந்தன.

ஒரு காலத்தில் என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பயந்த அதே மௌனம்தான். அதை இப்போது அவள் பகிடிக்கு எடுத்து வைத்து விளையாடுகிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையில் இன்னொரு வடையோடு அப்படியே நின்றேன்.

"காணும்!" என்று கத்தினார் வடை மிஸ், வீடே அதிர. எத்தனையோ பிள்ளைகளைப் பேச வைத்த மனுசி. அன்று எங்கள் வீட்டில் அவரைப் பேச வைத்தது என் மகள். பிறகு அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, தட்டை வாங்கிச் சோபாவுக்குக் கீழே தள்ளினாள்.